வலது ஐந்து

ஆரியசாலையில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் பகவதிப்பெருமாளுக்கும் மனைவி பொன்னம்மைக்கும் காரில் ஏறினால் ஒரே ஒரு சண்டைதான். பொன்னம்மைக்குச் சின்ன வயதிலேயே இடது காது போய்விட்டது. இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்ததும் பாட்டு செட்டின் பொத்தானை அமுக்கிப் பாட்டை வலப்பக்க ஸ்பீக்கருக்குத் தள்ளிவிடுவாள். செட்டின் திரை வலது ஐந்து என்று காட்டும்.

"ஏட்டி, எனக்க காது பொட்டிப்போவும்" என்று அவர் நடுவுக்குக் கொண்டுவருவார்.

"எனக்கும் கேக்கண்டாமா?" என்று அவள் மறுபடியும் தள்ளுவாள்.

2003 மாசியில் பொன்னம்மை இறந்தாள். பதினாறு கழிந்து கடைக்குக் கிளம்பிய அன்று, அவர் பாட்டை நடுவில், பூஜ்யத்தில் வைத்தார். மறுநாள் காலை வலது ஐந்து. அதற்கு மறுநாளும் வலது ஐந்து.

செட் பொருத்தித் தந்த ஷாஜி பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினான். "அண்ணாச்சி, இனி இதுக்குப் பழைய ஓர்மை ஒண்ணும் இருக்காது, கேட்டோ."

அவன் சொன்னபடியே ஆயிற்று. ஒரு வாரம் முழுக்கப் பூஜ்யம். பகவதிப்பெருமாளுக்குத்தான் கடை போய்ச் சேர்வதற்குள் என்னவோ போலிருந்தது. எட்டாம் நாள் சாயங்காலம், வண்டியை அணைக்குமுன் அவரே வலது ஐந்துக்குத் தள்ளிவைத்தார்.

"கேளுட்டி" என்றார்.

காலையில் சாவியைத் திருப்பினார். அவர் பக்கத்து ஸ்பீக்கர் அடங்கியிருந்தது. திரையில் இடது ஐந்து. காலி இருக்கைக்கு அந்தப் பக்கம், பொன்னம்மையின் கேட்காத காதோரம், பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.