பாலை நிறுத்திய மூன்றாம் நாள்

வயிறு முதுகோடு ஒட்டிப்போய், கை நடுங்குகிறது லாரிக்காரனுக்கு. பாலையும் தயிரையும் விட்டு மூன்று நாளாகிறது; நேற்று ராத்திரியிலிருந்து வேறு சாப்பாடும் இல்லை. நெடுஞ்சாலைக் கடையின் தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெக்கை கொதிக்கிறது. கையிலிருந்த காசுக்கு ஒரு ரொட்டிப் பொட்டலம்தான் வந்தது. பிரித்த பிறகே உறையின் பொடி எழுத்தைப் படிக்கிறான்: பால் பவுடர் சேர்த்திருக்கிறார்கள். மூடி மடியில் வைத்துக்கொள்கிறான். எதிரே, லாரியில் கூட வரும் மச்சான் டீயை உறிஞ்சுகிறான். "பொறந்ததுலேருந்து கறி திங்கல, சரி. பாலுமா மாப்ளே? அதென்ன கத்தவா செய்யுது?" "கன்னுக்குட்டி கத்துச்சு மச்சான்." "மலை எறக்கம் இருக்கு. எனக்கு ஓட்டவும் தெரியாது. நீ மயங்கினா ரெண்டு பேரும் பள்ளத்துலதான். குடிச்சுத் தொலை." பாதி டம்ளர் டீ அவன் பக்கம் நகர்கிறது. அதன்மேல் பாலாடை படிகிறது. போன வாரம் பால் பண்ணையிலிருந்து, பால் தராத காளைக்கன்றுகளைக் கசாப்புக்கு ஏற்றும்போது அதில் ஒன்று, தாயின் காம்பென்று நினைத்து அவன் விரலைச் சப்பியது. இப்போதும் விரலைச் சட்டையில் துடைக்கிறான். டம்ளரைத் தொடாமல், வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுச் சாவியை எடுக்கிறான். நடுக்கம் நிற்கவில்லை. பையில் போன் அடிக்கிறது, பண்ணைக்காரர். டீசலுக்கென்று அவரிடம் வாங்கிய அட்வான்ஸுக்கு இன்னும் ஒரு லோடு கன்று ஏற்றித் தர வேண்டும்.