அப்பாவுக்குள் ஒரு செமிகோலன்

களுவாஞ்சிக்குடியில் நோபேட்டின் அச்சகத்துக்குள் நண்பகல் வெயில் வாசலோடு நின்றுவிடுகிறது. பார்வையற்ற ஆசிரியை பிரஷாந்தி மடிக்கணினியின் மேல் குனிந்திருக்கிறாள். இறந்துபோன அப்பாவின் நினைவு மலருக்காக அவள் தொலைபேசியில் சொன்ன வரிகளை நோபேட் பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டுத் தந்திருக்கிறார். மடிக்கணினியில் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் குரல் ‘அப்பா’ வரும் இடத்தில் “எம், ஜீ, செமிகோலன், ஜீ, எச்” என்கிறது. “எழுத்து வடிவாத்தானே இரிக்கு, ரீச்சர்,” என்கிறார் நோபேட். “பார்க்கிற ஆக்களுக்குத்தான் அது தமிழ். உள்ளுக்கு முழுக்க இங்கிலிஸ் எழுத்து. நேற்றும் இதைத்தானே சொன்னன். இந்தக் குரலுக்குத் தமிழாத் தெரியிற யுனிகோட்டுல மாத்தித் தாங்க.” “நான் வாசிச்சுக் காட்டுறன். பிழை ஒண்டும் இல்ல.” “நான்தான் வாசிக்கோணும்.”

அவர் பெருமூச்சு விட்டபடி மாற்றிக் கொடுக்கிறார். மின்விசிறி கடகடக்கிறது. குரல் இப்போது எந்த உணர்ச்சியும் இல்லாமல் தமிழில் வாசிக்கிறது: “அப்பா எனக்கு வாவியில் தோணி வலிக்கப் பழக்கினார். கண்ணிழந்த மகளுக்குக் கண்ணாக இருந்தார்.” பிரஷாந்தியின் விரல்கள் அப்படியே நிற்கின்றன. “கடைசி வரி நான் சொன்னதில்லையே.” நோபேட் மேசையில் கிடக்கும் காகித வெட்டுகளை ஒதுக்குகிறார். “வாசிக்கிற சனத்துக்கு மனசு உருகட்டும் எண்டுதான் போட்டன்.” “தோணி வலிக்க எனக்குக் கண் தேவைப்படல்ல. அவரும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல.” அவள் அழிக்கும் விசையை அழுத்துகிறாள். அழிகிற ஒவ்வோர் எழுத்தையும் அந்தக் குரல் நிதானமாக, தமிழில் சொல்லிக்கொண்டே போகிறது.