பத்தாம் நாள் பாஸ்தா

தண்ணீர் கொதிக்க நேரமாயிற்று.

அவள் உப்புப் போட்டாள். போட்டோமா என்று சந்தேகம் வந்தது. கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஊதி, நக்கிப் பார்த்தாள்.

போட்டிருந்தாள்.

பாஸ்தா பொட்டலத்தின் வாயில் துணி கிளிப் மாட்டியிருந்தது. பாதிதான் இருந்தது. மீதியை அக்கா தீபாவளிக்கு வந்தபோது செய்துபோட்டாள். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் கற்றுக்கொண்டது. அப்பாகூட இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பத்து நாளைக்கு முன் அக்கா கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதிப் பையன். அம்மாவின் போனுக்கு அழைத்துச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அப்பா கிணற்றடிக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். ஈர வேட்டியோடு கூடத்தில் வந்து நின்றார்.

"எனக்கு ஒரு பிள்ளை செத்துப்போச்சு."

அதோடு வீடு துக்க வீடாயிற்று.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். பாயில் உட்கார்ந்தார்கள். வந்தவர்களில் ஒருவர், "இப்ப எந்த ஊர்ல இருக்காளாம்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு காப்பியைக் குடித்தார்.

சுவரிலிருந்து அக்காவின் படம் இறங்கியது. தங்கையின் பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்கள் பரணில் ஏறின.

"ஒருத்தி படிச்சுக் கிழிச்சது போதும்" என்றாள் பெரியம்மா. அப்பாவின் அண்ணி. பக்கத்து வீடு. நடுவில் ஒரு மதில்தான்.

அடுப்படியில் தாளிப்பது நின்றது.

சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் வரை கடுகு வெடிக்கக் கூடாது. எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். இருந்தும் பெரியம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டி ஒருமுறை ஞாபகப்படுத்தினாள்.

தாளிக்காத ரசம். தாளிக்காத பருப்பு. அம்மா தட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். யாரோடும் பேசுவதில்லை. பத்து நாளில் ஒரு வார்த்தை இல்லை.

இன்று அம்மா அடுப்படிப் பக்கமே வரவில்லை.

கூடையில் தக்காளி கனிந்து ஈ மொய்த்தது. பாஸ்தாவுக்குத் தாளிப்பு வேண்டாம். அதனால்தான் பொட்டலத்தை எடுத்தாள். வேறு காரணம் எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதன் முன்னால் இருந்தார். பார்க்கிறாரா என்று சொல்ல முடியாது.

பூண்டை நசுக்கி வெண்ணெயில் போட்டாள். வெங்காயம். தக்காளி. மிளகாய்த்தூள். தக்காளி குழைந்ததும் பருப்பு மத்தால் கடைந்தாள்.

க்ரீம் இல்லை. நெய்க்காக அம்மா கிண்ணத்தில் சேர்த்துவைத்த பாலாடை இருந்தது. திரிந்துவிடாமல் தீயைக் குறைத்து அதை ஊற்றிக் கிளறினாள். சிவப்பு மங்கிக் காவியாயிற்று.

வெந்த பாஸ்தாவை வடித்துக் கொட்டினாள். புரட்டினாள்.

சட்டியை இறக்கினாள்.

என்னவோ குறைந்தது.

கை தானாகப் போயிற்று. தாளிப்புக் கரண்டி. எண்ணெய். அஞ்சறைப் பெட்டி. எந்தச் சட்டியை இறக்கினாலும் கை அடுத்துச் செய்வது அதுதான். அவளைக் கேட்பதில்லை.

கடுகு வெடித்தது.

அவள் கரண்டியைப் பார்த்தாள். கடுகு இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. பாதியில் விட்டால் கருகிவிடும். கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டாள். அது இன்னும் சத்தமாகப் பொரிந்தது.

பாஸ்தாவின் மேல் கொட்டினாள்.

சொய்யென்றது.

கூடத்தில் டிவி நின்றது.

மதிலுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு அம்மாவைக் கூப்பிடும் பெரியம்மாவின் குரல்.

"ஏ ஈசுவரி! யாரு தாளிக்கிறது? இன்னும் பதினாறு ஆவல. அதுக்குள்ள நாக்கு கேக்குதாக்கும்?"

அடுப்படி நிலையில் அம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. புடவை கசங்கியிருந்தது. கண்கள் தாளிப்புக் கரண்டியின் மேல் இருந்தன.

அவள் அடிக்காகக் காத்திருந்தாள். கன்னத்தில் வாங்குவதா முதுகில் வாங்குவதா என்றுகூடத் தோன்றவில்லை. சும்மா நின்றாள்.

அம்மா அவளைத் தாண்டிப் போனாள். ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது.

இருமிக்கொண்டாள்.

"எங்க வீட்டுல யாருக்குக்கா பதினாறு?"



கூடத்தில் நாற்காலி நகர்ந்தது.

அப்பா வந்தார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கம்பியையும் விடவில்லை. அவளுடைய விரல்களை அப்பா ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கையை நீட்டி ஜன்னல் கதவைச் சாத்தினார். கொக்கியை மாட்டினார்.

அடுப்படி இருட்டாயிற்று. யாரும் விளக்குப் போடவில்லை.

அப்பா கூடத்துக்குத் திரும்பிப் போகவில்லை.

சட்டியின் அருகே வந்தார். ஓரத்தில் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். புளிப்பில் ஒரு கண் சுருங்கியது.

"அவ கொஞ்சம் சீனி போடுவா" என்றார்.

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

சீனி டப்பா கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் தேடிக்கொண்டே இருந்தாள்.