மாப்பிள்ளையின் மரவாள்

“இஞ்சாருங்கோ, உவன் வாள்வெட்டுக் கோஷ்டியோ?”

மகாதேவி படலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

முற்றத்தில், மகளுக்குப் பேசிவந்த மாப்பிள்ளை சிவரூபன் இரண்டு கையாலும் ஒரு வாளைத் தலைக்கு மேல் தூக்கிக் காற்றை வெட்டிக்கொண்டிருந்தான். இடுப்பில் கறுத்த பாவாடை மாதிரி ஏதோ ஒன்று. வயது முப்பத்துநாலு. பிரதேச செயலகத்தில் கிளாக்.

அவள் புருசன் சோமசேகரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“மரவாள்” என்றார். அதற்காக அவர் நிம்மதி அடைந்துவிடவில்லை.

அவருக்குக் கொடிகாமம் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம். அடி வரைக்கும் கை விட்டுப் பார்க்காமல் ஒரு பெட்டி தக்காளி எடுக்காத மனிதர். மாப்பிள்ளையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று, சொல்லாமல் கொள்ளாமல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு, அவன் தனியாக வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கே வந்திருந்தார். மகள் தக்சாயினிக்குக் காலையில் சொன்னதோடு சரி. அவளைக் கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

மகாதேவிக்கு வேறு பயம்.

“போனமுறை மாப்பிளை வீட்டுக்காரர் வேண்டாமெண்டு சொல்ல, பெட்டையிலை என்ன பிழையெண்டு சனம் ஆறு மாசம் கதைச்சது. இந்த முறையும் அப்பிடி வந்தால் அவள் வீட்டோடைதான்.”

சிவரூபன் அவர்களைக் கண்டான். வாளைச் செருகிக்கொண்டு இடுப்பு வரை குனிந்து வணங்கினான். நிமிர அரை நிமிடம் எடுத்தது.

உள்ளே அலுமாரி நிறைய சாமுராய்ப் புத்தகங்கள். சாமிப் படத்துக்குப் பக்கத்தில்கூட இரண்டு சாய்ந்திருந்தன. ரீவியில் குடுமி வைத்த ஜப்பான்காரர் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

“இருங்கோ ஐயா. இந்தப் பாகம் முடிய இன்னும் இருபது நிமிசம் கிடக்கு.”

பெண்ணைப் பெற்றவர்கள் இருபது நிமிடம் ஜப்பான் நாடகம் பார்த்தார்கள். அதுவரை ஒரு தேத்தண்ணி கூட வரவில்லை.

“தம்பி, உதெல்லாம் என்னத்துக்கு?” என்றார் சோமசேகரம்.

“வரலாறு ஐயா. சாமுராய் எண்டால் எந்தநேரமும் வெட்டுக்கொத்து எண்டுதான் சனம் நினைக்குது. சாமுராய்மார் இருந்த கடைசி இருநூற்றைம்பது வருசம் அங்கை பெரிய சண்டையே இல்லை. கனபேர் கந்தோரிலை இருந்து கடுதாசி எழுதினவை. என்னைப் போல கிளாக்குமார்தான்.”

“அப்ப வாள்?”

“இடுப்பிலை கிடக்கும். வேலைக்கும் கட்டிக்கொண்டு போவினம்.”

“நீரும் கட்டிக்கொண்டு போறனீரோ?”

“எங்கடை கந்தோர்ப் பெரியவர் விடமாட்டன் எண்டிட்டார்.”

அதை அவன் வருத்தத்தோடு சொன்னான். பெற்றோர் காசைக் கொட்டிப் படிப்பித்து, அரசாங்க உத்தியோகமும் கிடைத்து, கடைசியில் இப்படி ஒரு சீவன் என்று சோமசேகரத்துக்கு அருவருப்பாக இருந்தது.

மகாதேவி இன்னும் நம்பிக்கையை விடவில்லை. “கலியாணத்துக்குப் பிறகு விட்டிடுவியள்தானே தம்பி?”

“எப்பிடி அம்மா விடுறது? தாலி கட்டேக்கையும் இந்த உடுப்புத்தான். பிறகு ரெண்டு பேரும் விடிய நாலரைக்கு எழும்பி ஐந்நூறு தரம் வீசவேணும்.”

அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டு இன்னொரு மரவாளை எடுத்தான். கொஞ்சம் சின்னது.

“இது உங்கடை மகளுக்கு. அளவு சரியோ எண்டு பாருங்கோ.”

மகாதேவி அதை மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தாள். சோமசேகரம் கதிரையை விட்டு எழும்பினார்.

“தம்பி, வெளிப்படையாச் சொல்லுறன். எங்களுக்கு இந்தச் சம்பந்தம் சரிவராது.”

சிவரூபன் மறுபடியும் இடுப்பு வரை குனிந்தான்.

“விசரன். சுத்த விசரன்” என்று வழியெல்லாம் புறுபுறுத்தார் சோமசேகரம். கொடிகாமம் வந்துசேர முதலே தரகருக்கும், இரண்டு மச்சான்மாருக்கும், சந்தையில் பக்கத்துக் கடைக்காரருக்கும் போன் பண்ணி முடித்துவிட்டார். ஆளுக்கு ஆள் பாவாடை நீண்டுகொண்டே போனது. கடைசி ஆளுக்குச் சொன்னபோது வாள் இரும்பாகிவிட்டது.

“நாங்கள்தான் வேண்டாமெண்டு சொன்னனாங்கள். விளங்குதோ? நாங்கள்தான்.”

சொல்லச் சொல்ல அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பின்னேரம் தக்சாயினி கிணற்றடிக்குப் போய்த் தாழ்ந்த குரலில் போனில் கதைத்தாள்.

“அண்ணை, அப்பா வேண்டாமெண்டிட்டார். றயனுக்கும் சொல்லிப்போட்டன். காலமை உங்களுக்குப் போன் எடுத்து, அப்பா அம்மா வருகினம் எண்டும் நானும் றயனும் விரும்பிறம் எண்டும் சொல்லேக்கை நீங்கள் கோபிப்பியள் எண்டுதான் நினைச்சன்.”

“எனக்கென்ன கோபம் தங்கச்சி? விருப்பமில்லாத பிள்ளையைக் கட்டி நான் என்ன செய்யிறது?” என்றான் சிவரூபன்.

“அந்தப் புத்தகம், வாளெல்லாம் இதுக்காகத் தேடி எடுத்தனீங்களோ?”

“சீ, அது பத்து வருசப் பழக்கம். ஆருக்கும் தெரியாமல் பின்வளவிலை வீசுறனான். இண்டைக்குத்தான் முத்தத்துக்கு வந்தனான்.”

“அப்பா உங்களை விசரனெண்டு ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டார் அண்ணை. பேசாமல் பெட்டையைப் பிடிக்கேல்லை எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் உங்களுக்கு இந்தக் கேவலம்?”

“அப்பிடிச் சொல்லியிருந்தால், இண்டைக்கு ஊர் உங்களையெல்லோ கதைக்கும், தங்கச்சி?”