மேட்டுப் பயிற்சி

கொழுந்து மூட்டையைத் தோளில் சுமந்தபடி குகனேஸ்வரன் தேயிலை மேட்டில் ஏறிக்கொண்டிருந்தான். வழியில் பார்த்துவிட்ட சைக்கிள் பயிற்சியாளர் காளிமுத்துவுக்கு ஒரே சந்தோஷம்.

"சபாஷ் லா! சைக்கிள் மட்டும் மிதிச்சா பத்தாது, மேடு ஏறணும், பாரம் தூக்கணும்னு எத்தன தடவ சொன்னேன்! இப்பதான் கேக்குற. பிரிஞ்சாங் டவுன் சைக்கிள் ரேஸ்ல நீதான் ஜெயிப்ப!"

"ரேஸுக்கு வரல, மாஸ்டர். இது பயிற்சி இல்ல, துளசியோட வேலை."

"ஏன், ஒம் பொண்டாட்டிக்கு என்ன?"

"கால் முறிஞ்சு படுத்திருக்கா. காலையில பனிமூட்டத்துல வேலைக்கு நடந்து போனவள, எறக்கத்துல வந்த சைக்கிள் மோதிருச்சு."

"எவன் அவன்? மணிகூடவா அடிக்கல?"

குகனேஸ்வரன் மூட்டையை இறக்காமலே நின்றான்.

"எடை கொறையட்டும்னு நான்தான் மணியக் கழட்டிப் போட்டிருந்தேன், மாஸ்டர்."