வாய் திறக்காத இனம்

மில்வாக்கியில் பனி கொட்டினால் எங்களுக்கு லாயிட் வீட்டுக் கீழ்த்தளம்தான் கதி. மேலேயிருந்து வந்து மாடிப்படியில் வைக்கப்பட்டிருந்த பொரித்த சீஸ் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு நானும் டுவேனும் பகடையோடு உட்கார்ந்தோம். ஒருவன் கதை சொல்ல, மற்றவர்கள் பகடை உருட்டி அதில் பாத்திரங்களாக ஆடும் விண்வெளி ஆட்டம்; கதை சொல்லி நடத்துபவன் லாயிட். புதிதாக ஒரு வேற்றுக்கிரக இனத்தை உருவாக்கியிருந்தான்.

"சண்டை போடாது. உங்க கப்பலுக்கு நேரத்துக்குச் சாப்பாடு அனுப்பும். ஆனா ஒரு மாசமா பேச்சு கிடையாது. பேச வைங்க பாப்போம்."

"பரிசு குடுக்குறோம்" என்றான் டுவேன்.

"பிரிக்காம அப்படியே வெச்சிருக்கு."

"அப்ப மன்னிப்பு கேக்குறோம்" என்றேன்.

"'எதுக்கு'ன்னு கேட்டுச்சு. வாய் திறந்தது அதுக்கு மட்டுந்தான்."

"எதுக்குன்னு நீதானடா சொல்லணும்!"

"எனக்கே தெரியாதுடா."

டுவேனுக்குக் கடுப்பு. "உருவாக்குனவனுக்கே தெரியாதா? நல்ல கூத்துடா! விட்டுத் தள்ளு, தானா சரியாயிடும்."

"அப்படியும் விட்டுப் பாத்தாச்சு."

அப்போது எங்கள் தலைக்கு மேலே, லாயிடின் மனைவி நோரீனின் சக்கரம் வைத்த பயணப்பெட்டி வாசலை நோக்கி உருளும் சத்தம் கேட்டது.

லாயிட் பகடையை என் கையில் திணித்தான்.

"சீக்கிரம் சொல்லுங்கடா... உங்க முறை."