பரணா, கூடாரமா?

“ஓம் மலர், ஓவர்டைம்தான். வரப் பின்னேரமாகும். வைக்கிறன்.”

இருட்டுக்குள் குந்தியிருந்தபடியே தவராஜா போனை அணைத்தார். மனைவிக்குப் பொய் சொல்லிப் பழகிய நாக்குத்தான். அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ மெல்லச் சிரித்துக்கொண்டு கூடார வாசலின் சிப்பை இழுத்துத் திறந்தார்கள்.

எட்டிப் பார்த்தது நேசராஜாவின் மொட்டைத் தலை. “எப்பிடி, வசதியா இருக்கோ? வெளியால ஆளே தெரியேல்லை.”

ஹேர்னிங் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு வேட்டைச் சாமான் கடை அது. மான் சுடுகிறவர்கள் நிலத்தில் விரித்து ஒளிந்திருக்கும் கூடாரத்துக்குள்தான் தவராஜா இருந்து பார்த்தார். மற்றது சுவரோரம் நின்றது, மரத்தில் சாத்திக் கட்டிவிட்டு ஏறி இருக்கிற ஏணிப் பரண். வேட்டைக் காலம் தொடங்கப் போகிறது, இன்றைக்கு இரண்டில் ஒன்றை எடுத்தாக வேண்டும்.

பக்கத்து ஊரான இக்காஸ்டில் ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் நிற்கிற நேசராஜாதான் அவரை இந்தப் பழக்கத்தில் இழுத்துவிட்டவர். துவக்கு, சப்பாத்து, ஜக்கெற் எல்லாமே நேசராஜா வீட்டில்தான் பூட்டிக் கிடந்தன. தவராஜாவின் வீட்டில் ஒரு தூசியும் கிடையாது.

வைத்திருக்கவும் முடியாது. யோகமலர் முருகன் என்றால் உருகுகிறவள். ரோட்டோரம் மானைக் கண்டால் காரை நிற்பாட்டச் சொல்லிக் கும்பிடுவாள். “வள்ளியைப் பெத்தது மானப்பா,” என்பாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் தவராஜா தான் சுட்ட மானைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். எலும்பைப் பார்த்துப் பிடித்துவிடுவாள் என்ற பயத்தில் தசையை மட்டும் சீவித் துண்டு போட்டு, துருக்கிக்காரன் கடை ஆடு என்று நீட்டுவார். அவளும் வாங்கி வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கறி வைப்பாள்.

“நான் சுடுறது ஒரு பாவம். அதை அவளின்ர வாயிலயும் வைக்கிறன் நேசண்ணை. நித்திரையில கூட அது வந்து நிக்குது.”

“இப்ப நாங்கள் சுடப்போறது ஆண் மானெல்லோ. வள்ளியின்ர தாயில்லையே!”

“மலருக்கு மான் எண்டா மான்தான்.”

நேசராஜா பேச்சை மாற்றினார். “பேசாம பரணை எடும். நிலத்தில இருந்தா எங்கட ஜக்கெற்றில இருக்கிற கறித்தூள் மணம் நேரா மானின்ர மூக்குக்குப் போகும். மேல இருந்தா காத்துக் கொண்டு போயிடும். வெடியும் நிலத்துக்குள்ளதான் இறங்கும், ஒருத்தருக்கும் ஆபத்தில்லை.”

“கூடாரமெண்டா மடிச்சு டிக்கிக்குள்ள ஒளிக்கலாம். எனக்கு முழங்காலும் ஏலாது.”

சொல்லிவிட்டுத் தவராஜா கூடாரத்தின் சின்னச் சாளரத்தால் வெளியே பார்த்தார். சரியாக மானின் கண்மட்டம். எதிரே வந்து நின்றால் முகத்துக்கு முகம் பார்த்துத்தான் சுட வேண்டும். மேலேயிருந்து என்றால் முதுகுதான் தெரியும்.

“பரணையே எடுப்பம்,” என்றார்.

“அதுதான் சரி! கனக்கச் சுட்டா எல்லாருக்கும் நல்லம்தானே,” என்று நேசராஜா கையைத் தேய்த்துக்கொண்டார். “என்ர மனுசி மார்கிரட்டுக்கும் மான் இறைச்சி எண்டா உயிர்.”

பரணைக் காரின் கூரையில் வைத்துக் கட்டும்போதுதான், வள்ளி தினைப்புனம் காத்ததும் பரணில் இருந்துதான் என்று தவராஜாவுக்கு நினைவு வந்தது. கயிற்றை இழுத்த கை அப்படியே நின்றுவிட்டது. நேசராஜா வந்து முடிச்சுப் போட்டார்.

மறுநாள் மத்தியானம் சோறும் இறைச்சிக் கறியும். தவராஜாவின் கணக்கில் அது போன வேட்டைக் காலத்தில் கொடுத்து பிறீசரில் கிடந்த பொட்டலம். தவராஜா ஒரு நல்லி எலும்பை எடுத்து உறிஞ்சினார். பயம் ஒரு பக்கம் இருந்தாலும் தன் கையால் சுட்டதன் ருசி தனிதான் என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது, அதற்காகவும் தன்னைத் திட்டிக்கொண்டார்.

யோகமலர் எதிரே வந்து இருந்தாள். “முருகா” என்று கண்ணை மூடித் திறந்துவிட்டு, ஒரு துண்டைச் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தாள். அதற்குமேல் தவராஜாவால் முடியவில்லை.

“மலர், நான் உமக்குப் பொய் சொல்லிப்போட்டன். ஓவர்டைமும் இல்லை, இது ஆடுமில்லை. மான். நான் சுட்டது.”

யோகமலர் மென்றுகொண்டே நிமிர்ந்தாள். “நீங்கள் மான் சுடுறது எனக்குத் தெரியும்.”

“தெரியுமோ?”

“முதல் பொட்டலத்தை அவிழ்த்த உடனயே தெரியும். ஆட்டு மணம் எனக்குத் தெரியாதே?”

“பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?”

“காட்டுக்குப் போட்டு வாற அண்டைக்குத்தான் நீங்கள் நித்திரைக் குளிசை போடாமல் படுக்கிறியள். அதை எப்பிடி மறிக்கிறது? முருகனிட்ட நான் கதைச்சிட்டன்.”

தவராஜாவின் கண்கள் நிறைந்துவிட்டன. சோற்றுக்கையோடு தலையைக் குனிந்துகொண்டார். “எண்டாலும் உம்மைத் தின்னப் பண்ணிப்போட்டன். அந்தப் பாவத்தை நான் எங்க கொண்டுபோய்த் துலைக்கிறது?”

யோகமலர் அவருடைய கோப்பையில் இன்னொரு அகப்பை கறியை ஊற்றினாள்.

“நீங்கள் கொண்டாற பொட்டலம் எல்லாம் அப்பிடியே மார்கிரட் அக்கா வீட்டுக்குப் போயிடும். நாங்கள் ரெண்டு பேரும் இண்டுவரைக்கும் மானே திண்டதில்லை.”